மரக்காலும் பலிபீடமும்

(ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் திடப்படுத்தல் வகுப்பு நடத்துபவர்களுக்குமான பயிற்சி நாளில் ஆற்றிய சொற்பொழிவு)



பதின்பருவப் பிள்ளைகளுக்குத் தீர்க்கதரிசிகளைக் கற்பிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பசி நேரத்தில் சுருக்கமாகப் பேசுகிறவனை எல்லோரும் வாழ்த்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆமோஸை எடுத்துவிட்டால் எனக்குச் சுருக்க வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'தீர்க்கதரிசி என்றால் யார்?' என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'பின்னால் நடக்கப் போவதை முன்னாலேயே சொல்கிறவர்' என்பார்கள். 'ஜோசியக்காரர் மாதிரி சார், ஆனா கரெக்டா சொல்றவர்' என்று ஒரு பையன் சொன்னான். அவன் மேல் தப்பில்லை. நெடுந்தொலைவைப் பார்க்கிறவர் என்பதுதான் அந்த வடசொல்லின் பொருள். நாம்தான் இருநூறு முந்நூறு ஆண்டுகளாக அதைப் புழங்கிவருகிறோம். எபிரேயத்தில் இருக்கிற சொல் 'நாவி'. அரபியில் அதுவே 'நபி'. பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளை அன்றாடம் சொல்கிற சொல்லும் நம் வேதாகமத்துச் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. எபிரேயச் சொல்லுக்கு இது இன்னும் நெருக்கம் என்பது என் எண்ணம். கடவுளின் பேச்சைத் தன் வாயால் எடுத்துச் சொல்கிறவர்.

இந்த நான்கு சொல்லையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஏனென்றால், இவர்கள் பேசியதில் பெரும்பகுதி அன்றைய சந்தையைப் பற்றியது, அன்றைய நீதிமன்றத்தைப் பற்றியது. வருங்காலத்தைப் பற்றிச் சொன்னதும்கூட வைத்தியர் சொல்வது போலத்தான்: இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் ஈரல் போய்விடும் என்கிறாரே, அந்த வகை. இது புரியாத பிள்ளை ஆமோஸ் புத்தகத்தைத் திறந்து உலக முடிவின் தேதியைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆமோஸுக்கு வருவோம். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஒரே மக்கள் இரண்டு நாடாகப் பிரிந்து கிடக்கிறார்கள். தெற்கே யூதா, அங்கே உசியா ராஜா. வடக்கே இஸ்ரவேல், அங்கே இரண்டாம் யெரொபெயாம். இரண்டு ராஜாக்களுமே நீண்ட காலம் ஆண்டவர்கள். எல்லைகள் விரிந்திருந்த, வியாபாரம் செழித்திருந்த காலம். 1930களில் சமாரியாவைத் தோண்டியவர்கள் மெல்லிய தந்த இழைப்புத் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். மரச்சாமான்களில் பதித்து அழகு பார்த்தவை. அதற்கு முன்பே, 1910இல், அதே இடத்தில் எழுத்து பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. எந்த ஊரிலிருந்து எவ்வளவு பழைய திராட்சை ரசம், எவ்வளவு எண்ணெய் வந்தது என்ற கணக்கு. தந்தக் கட்டிலில் சாய்ந்து கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறவர்களை ஆமோஸ் திட்டுகிறாரே, அது வெறும் அலங்காரப் பேச்சல்ல என்பதற்கு மண்ணுக்கடியில் சாட்சி இருந்தது.

ஆமோஸ் தெற்கத்திக்காரர். எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் உள்ள தெக்கோவா ஊர். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரத்தில் வேலை செய்தவர். காட்டத்திக்காய் தானாக நன்றாகப் பழுக்காது. ஒவ்வொரு காயையும் கத்தியால் கீறிவிட வேண்டும். கீறிய சில நாளில் பழுக்கும். இன்னொன்று: அந்த மரம் தெக்கோவா போன்ற மேட்டு நிலத்தில் வளராது, தாழ்ந்த வெப்ப நிலத்தில்தான் வளரும். ஆக, அவர் வேலைக்காக ஊர்விட்டு ஊர் போய்வந்தவராக இருக்க வேண்டும். சந்தையையும் தராசையும் அவருக்கு நேரில் தெரியும். கீறிப் பழுக்க வைக்கிற தொழில்காரன் பேச்சிலும் அதைத்தான் செய்தான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இது என் சொந்தச் சரக்கு, வியாக்கியான நூல்களில் தேடாதீர்கள்.

இந்த மனிதர் எல்லை தாண்டி வடக்கே பெத்தேலுக்குப் போகிறார். பெத்தேல் ராஜாவின் கோயில் இருக்கிற ஊர். பொன் கன்றுக்குட்டி நிற்கிற ஊர். பலியும் பாட்டும் காணிக்கையும் குறைவில்லாமல் நடக்கிற ஊர்.

அவருடைய புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பிள்ளைகளுக்குச் சும்மா வாசித்துக் காட்டாதீர்கள். கரும்பலகை வேண்டும், சாக்பீஸ் வேண்டும். வரைபடம் ஒன்றைக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆமோஸ் முதலில் தமஸ்குவைக் கண்டிக்கிறார், கீலேயாத் மக்களை இரும்புக் கருவியால் போரடித்ததற்காக. வடகிழக்கில் ஒரு புள்ளி. அடுத்து காசா, ஒரு மக்கள் கூட்டத்தையே பிடித்து ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்ததற்காக. தென்மேற்கில் ஒரு புள்ளி. இரண்டையும் கோட்டால் இணையுங்கள். அடுத்து தீரு, வடமேற்கு. பிறகு ஏதோம், தென்கிழக்கு. அந்த இரண்டையும் இணையுங்கள். இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய சமாரியாவுக்குப் பக்கத்தில்!

ஆனால் ஆமோஸ் அங்கே உடனே வருவதில்லை. அம்மோன், மோவாப் என்று கிழக்கே போகிறார். ஒவ்வொரு ஊர் பெயர் வரும்போதும் கேட்கிற கூட்டம் என்ன செய்திருக்கும்? எல்லாம் அண்டை நாட்டு எதிரிகள். 'நல்லா சொன்னீங்க' என்று தலையாட்டியிருக்கும். அடுத்து யூதா, பேசுகிறவரின் சொந்த ஊர். 'தன் ஊரையே விட்டுவைக்கவில்லையே, நேர்மையான ஆள்தான்' என்று இன்னும் கிட்டே வந்திருக்கும். அப்போதுதான் எட்டாவதாக இஸ்ரவேல் என்கிறார். மற்றவர்கள் பெயரில் வந்ததெல்லாம் பெரும்பாலும் போர்க்காலக் கொடுமை. இவர்கள் பெயரில் வருவதோ ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு ஏழையை விற்றதும், அடகு வாங்கின துணியை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டதும். அம்மோனியர் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கிழித்த கொடுமையும் அடகுத் துணியும் ஒரே பட்டியலில்!

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது 'இதெல்லாம் ஒரு குற்றமா?' என்று கேட்டே தீரவேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

அந்தத் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழைக்கு மேலாடை பகலில் உடுப்பு, இரவில் போர்வை. கடனுக்கு அதை அடகு வாங்கலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று யாத்திராகமத்தின் சட்டம் சொல்கிறது. குளிரில் அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்ற ஒரே காரணத்துக்காக.

சட்டம் ஏட்டில் இருக்கிறது, சரி. மனிதர்கள் இதைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட்டார்களா? 1960இல், மத்தியதரைக் கடலோரம், யாவ்னே யாம் என்ற இடத்துக்கு அருகே ஒரு சிறு கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. காலம், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஆமோஸுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது. அது ஒரு மனு. அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்குக் கொடுத்தது. நான் அளவுப்படி அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். அதன் பிறகும் சோபாய் மகன் ஓசாயாகு என்பவர் வந்து என் மேலாடையைப் பறித்துக்கொண்டார். என்னோடு வெயிலில் நின்று அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள். என் துணியைத் திருப்பி வாங்கித் தாருங்கள். இதுதான் சாரம். கையகல ஓடு. அதில் தீர்ப்பு இல்லை, மனு மட்டும்தான்.

நம் ஊர் வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக்கொடுக்கிறவர்களைப் பார்த்த பிள்ளைக்கு இந்த ஓட்டை விளக்கவே வேண்டாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: 'சார், துணியைப் பறிச்சவரோட பேர் இருக்கு, மனு கொடுத்தவரோட பேர் என்ன?' மனுவில் அவர் பெயர் இல்லை. பறித்தவரின் பெயர் அப்பன் பெயரோடு நமக்குத் தெரிகிறது. பறிகொடுத்தவர் தன்னை 'உம்முடைய அடியான்' என்கிற பாணியில்தான் சொல்லிக்கொள்கிறார். நான் இத்தனை வருடம் படித்தும் அவள் கேட்கும் வரை எனக்கு அது உறைக்கவில்லை.

சரி, மரக்காலுக்கு வருகிறேன். எட்டாம் அதிகாரத்தில் வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாளைக் கைக்கொள்கிறார்கள், கடையைச் சாத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே, இது எப்போது முடியும், எப்போது கடை திறக்கலாம் என்று மணி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். திறந்ததும் மரக்காலைச் சின்னதாக்குவது, சேக்கல் எடையைப் பெரிதாக்குவது. இந்த ஏமாற்றின் நுணுக்கத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். அன்று அந்த நாட்டில் நாணயம் கிடையாது. வெள்ளியை எடை போட்டுத்தான் விலை கொடுப்பார்கள். எடைக்கல்தான் சேக்கல். ஆக, தானியம் அளந்து கொடுக்கும்போது சின்ன மரக்கால், வெள்ளி நிறுத்து வாங்கும்போது கனத்த கல். இரண்டு பக்கமும் அடி. அதோடு கோதுமையில் பதரையும் கலந்து விற்றார்கள். ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்குத் துணையாய் நின்ற எந்தப் பிள்ளையும் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். 'படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்' என்று ஒருத்தன் வகுப்பில் சொல்லிவிட்டான். ஆமோஸுக்கு அப்படி ஒரு பழமொழி கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

பெத்தேல் குரு அமத்சியாவுக்கு இது பொறுக்கவில்லை. ராஜாவுக்கு ஆள் அனுப்புகிறார். ஆமோஸிடம், உன் ஊருக்கே போய் அங்கே பிழைத்துக்கொள், இது ராஜாவின் கோயில் என்கிறார். கவனியுங்கள், கடவுளின் கோயில் என்று சொல்லவில்லை. வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

இனிமேல்தான் சிக்கல். இதையெல்லாம் உருக்கமாக நடத்தி முடித்துவிட்டு நிற்பீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். 'அப்படின்னா நாங்க ஏன் சார் கோயிலுக்கு வரணும்?'

முதல் தடவை இந்தக் கேள்வி வந்தபோது நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. 'சடங்கு முக்கியமில்லை தம்பி, மனசு சுத்தமா இருந்தா போதும்' என்றேன். எல்லோரும் சொல்கிற பதில். கேட்க இனிமையான பதில். ஆமோஸுக்குச் சம்பந்தமே இல்லாத பதில்.

அந்த வியாபாரியைக் கூப்பிட்டு உன் மனசு எப்படி என்று கேட்டிருந்தால், 'தங்கமான மனசு' என்றுதான் சொல்லியிருப்பான். அதை யார் திறந்து பார்ப்பது? ஆமோஸ் அவன் மனசைக் கேட்கவில்லை, மரக்காலைக் கொண்டு வா என்றார். ஏசாயா தம் முதல் அதிகாரத்தில், ஜெபத்துக்கு விரித்த கைகளில் இரத்தம் இருக்கிறது என்று கண்டித்த கையோடு என்ன செய்யச் சொல்கிறார்? இன்னும் உருக்கமாக ஜெபிக்கச் சொல்லவில்லை. தகப்பனில்லாப் பிள்ளைக்கு நியாயம் செய், விதவையின் வழக்கை எடுத்துப் பேசு என்கிறார். உண்மையான பக்தி என்று நாம் சொல்வதை அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்து அளந்தார்கள். ஊர் வாசலில், களத்துமேட்டில், கூலி கொடுக்கிற இடத்தில். 'உணர்ச்சியோடு பாடு, கண்ணை மூடு, கவனம் சிதறாமல் இரு' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதைத் தீர்க்கதரிசிகள் பாடமென்று சொல்லி நடத்தாதீர்கள். ஆராதனையில் போன் பார்க்காதே என்பதற்கு ஆமோஸ் தெக்கோவாவிலிருந்து நடந்து வரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இவர்கள் சடங்கை ஒழிக்க வந்தவர்கள் என்று நினைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் நமக்கு விட்டுப்போன பழக்கம். குருமார் ஒரு கட்சி, தீர்க்கதரிசிகள் எதிர்க்கட்சி என்று கோடு கிழித்தார்கள். எரேமியா யார்? ஆனதோத்துக் குருமார் குடும்பத்துப் பிள்ளை. எசேக்கியேலும் குரு. ஏசாயாவுக்கு அழைப்பு வந்ததே தேவாலயத்துக்குள், பலிபீடத்து நெருப்புத் தழலால் அவர் உதடு தொடப்பட்டு. பிற்காலத்தில் ஆகாய், ஆலயத்தைக் கட்டாமல் உங்கள் வீட்டை மட்டும் மச்சு வைத்துக் கட்டிக்கொண்டீர்களே என்று கடிந்துகொள்கிறார். மல்கியா, நொண்டியும் குருடுமான ஆட்டைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் அதிகாரியிடம் கொடுத்துப் பாருங்கள் என்று கேலி செய்கிறார். இவர்கள் எல்லோரையும் ஒரே குரலாக்கிவிடாதீர்கள். ஓசியா தம் இல்வாழ்க்கைத் துயரத்திலிருந்து பேசுகிறவர். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது, நான் அதற்குள் போகவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. யூதர்களின் நாட்காட்டியில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர், பாவ நிவாரண நாள். ஏறத்தாழ 25 மணி நேரம் அன்னந்தண்ணீர் இல்லாத உபவாசம். அன்று காலை ஜெப ஆலயத்தில் எதை வாசிக்கிறார்கள் தெரியுமா? ஏசாயா 58. தலையை நாணலைப் போலத் தாழ்த்தி, சாக்கு உடுத்தி நீங்கள் இருக்கிற உபவாசம் யாருக்கு வேண்டும், கட்டுண்டவனை அவிழ்த்துவிடு, பசித்தவனோடு உணவைப் பகிர்ந்துகொள் என்று உபவாசத்தையே கேள்வி கேட்கிற அதிகாரம். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களின் காதில், அந்த நாளிலேயே, அவர்களே ஏற்பாடு செய்துகொண்டு வாசிக்கிறார்கள். பிற்பகலில் யோனா. எதிரி நகரமான நினிவே மனந்திரும்பியதைப் பொறுக்காமல் கோபித்துக்கொண்ட தீர்க்கதரிசியின் கதை. தன்னைக் குத்துகிற முள்ளைத் தன் வழிபாட்டுக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறார்கள்.

பின்வரிசைப் பிள்ளைக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான். தம்பி, ஆமோஸை உனக்கு யார் கொண்டுவந்து தந்தார்கள்? தலைமுறை தலைமுறையாக ஓய்வுநாள் தவறாமல் கூடி, தோல்சுருளை விரித்து, வாசித்து, சுருட்டி வைத்தவர்கள். அந்தச் சடங்கு இல்லையென்றால் சடங்கைத் திட்டின ஆமோஸும் இல்லை.

அதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். நம் பாடப் புத்தகங்களிலும் பிரசங்கங்களிலும் ஒரு வழக்கம் ஊறிக் கிடக்கிறது. 'யூதர்கள் வெறும் சடங்குக்காரர்கள், நாம் ஆவியில் ஆராதிக்கிறவர்கள்' என்று கதை முடியும். தீர்க்கதரிசிகள் யூதர்கள். அவர்கள் திட்டியது தங்கள் சொந்த மக்களை. அந்தத் திட்டை அழித்துவிடாமல் வேதமாகக் காத்து வைத்தவர்களும் அதே மக்கள். உலகில் எத்தனை ராஜ்ஜியங்கள் தங்களைத் திட்டினவர்களின் பேச்சைப் பாதுகாத்திருக்கின்றன? வீட்டுக்குள் அம்மா பிள்ளையைத் திட்டுவதை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, 'அந்தப் பிள்ளை மோசம்' என்று ஊரெல்லாம் சொல்வது போன்றது நாம் செய்வது. அந்தப் பேச்சு ஐரோப்பாவில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உங்கள் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள்.

யூதக் குடும்பங்களில் பையனுக்குப் பதின்மூன்று வயதானால் 'பார் மிட்ஸ்வா'. சபையின் முன் நின்று வேதம் வாசிப்பான். பெரும்பாலும் அந்த வாரத்துக்குரிய தீர்க்கதரிசிப் பகுதியையும் அவனே இராகத்தோடு ஓதுவான். இன்று பல சபைகளில் பெண்பிள்ளைகளும் அப்படியே ஓதுகிறார்கள். குரல் உடைகிற வயதில் ஒரு பையன், தன் தாத்தாக்களைப் பார்த்து ஆமோஸை வாசிக்கிறான். பதின்பருவத்துக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இதுவே போதும். நம் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம், சபை முன் நின்று வாசிக்கக் கொடுப்பதில்லை.

எரேமியாவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பிள்ளைகளுக்குத் துரோகம். ஏன் என்று சொல்கிறேன். பதினைந்து வயதில் பெரியவர்களின் மாய்மாலத்தை மோப்பம் பிடிக்கிற மூக்கு ரொம்பக் கூர்மை. ஆமோஸை மட்டும் கையில் கொடுத்தால் அவர்கள் அதை அப்பா மேலும் ஐயர் மேலும் வீசுவார்கள். வீசட்டும், கொஞ்சம் தேவைதான். ஆனால் திட்டினவர்கள் அழுதார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எரேமியாவுக்கு அழைப்பு வந்தபோது அவர் தம்மைச் சின்னப் பையன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். கி.மு. 609ஐ ஒட்டி, யோயாக்கீம் பட்டத்துக்கு வந்த புதிதில், எருசலேம் ஆலயத்து வாசலில் நிற்கிறார். ஆலயம் ஆலயம் என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிற கூட்டம். அவர்களுக்கு அதற்குக் காரணமும் இருந்தது. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் நகரங்களைப் பிடித்துக்கொண்டு வந்தும் எருசலேம் மட்டும் விழவில்லை. ஆலயம் இருக்கிறவரை நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் அன்று பிடித்தது. எரேமியா, கொள்ளைக்காரர் ஒளிந்துகொள்ளும் குகையாக இதை ஆக்கிவிட்டீர்கள், முன்பு அழிந்துபோன வழிபாட்டுத் தலமான சீலோவுக்கு நடந்தது இதற்கும் நடக்கும் என்கிறார். கொள்ளைக்காரன் குகையில் கொள்ளையடிப்பதில்லை, வெளியே அடித்துவிட்டுப் பத்திரமாக வந்து பதுங்குவதற்குத்தான் குகை. இந்த உவமையை நாம் பல நேரம் தவறவிடுகிறோம்.

கூட்டம் அவரைக் கொல்லப் பார்க்கிறது. அப்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து, நூறு வருடத்துக்கு முன் மீகா என்ற கிராமத்துக்காரர் இதே பேச்சைப் பேசினார், எசேக்கியா ராஜா அவரைக் கொன்றாரா என்று கேட்கிறார்கள். சாப்பான் மகன் அகீக்காம் பக்கத்தில் நின்று காப்பாற்றுகிறார். அதே அதிகாரத்திலேயே உரியா என்ற இன்னொருவர் இதையே பேசி, எகிப்துக்கு ஓடி, பிடித்துக்கொண்டுவரப்பட்டு வெட்டுண்டார் என்று இருக்கிறது. உரியாவுக்குத் துணைநிற்க ஒரு அகீக்காம் இல்லை. இந்த இரண்டு முடிவையும் சேர்த்தே சொல்லுங்கள். உண்மை பேசினால் ஜெயிக்கலாம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள்.

பிறகு எரேமியாவின் சுருளை யோயாக்கீம் ராஜா குளிர்காய்கிற நெருப்பில், துண்டு துண்டாக அறுத்துப் போட்டு எரிக்கிறான். வேண்டாமென்று தடுத்தவர்களில் ஒருவர் சாப்பானின் இன்னொரு மகன் கெமரியா. 1982இல் எருசலேமின் 'தாவீதின் நகரம்' என்ற பகுதியில் கிடைத்த களிமண் முத்திரைகளில் ஒன்றில் 'சாப்பான் மகன் கெமரியா' என்ற பெயர் இருக்கிறது. கி.மு. 586இல் பாபிலோனியர் நகரத்துக்கு வைத்த தீயில் ஏடுகள் சாம்பலாயின. அவற்றைக் கட்டியிருந்த களிமண் முத்திரைகள் சுட்டு இறுகி நின்றுவிட்டன. சுருளை எரிக்காதே என்றவரின் பெயரை நெருப்பே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இருக்காது.

அந்த நகரம் எரிந்தபோது எரேமியா 'நான் அப்போதே சொன்னேனே' என்று கைதட்டவில்லை. தலை தண்ணீராகி, கண் நீரூற்றாகிவிடாதா என்று ஏங்கியவர் அவர்.

நம் காலத்துக்கு ஒரு வார்த்தை. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யூத அறிஞர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1962இல் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். 1965 மார்ச் 21 அன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக செல்மாவிலிருந்து கிளம்பிய நடைப்பயணத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு முதல் வரிசையில் நடந்தார். தம் கால்கள் ஜெபிப்பது போல உணர்ந்ததாகப் பிறகு சொன்னார். நீதியைப் பெருக்கெடுக்கும் தண்ணீருக்கு ஒப்பிட்ட ஆமோஸின் பேச்சைக் கிங் 1963 வாஷிங்டன் உரையில் எடுத்தாண்டார். மான்ட்கோமரி நகரில் மாயா லின் வடிவமைத்து 1989இல் திறந்த நினைவிடத்தில், அந்தச் சொற்கள் பொறித்த கருங்கல் சுவரின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆமோஸின் நாட்டில் மழைக்கு மட்டும் ஓடி மற்ற மாதங்களில் மணலாய்க் கிடக்கிற ஓடைகள்தான் அதிகம். வற்றாத ஓடையைப் போல நீதி வேண்டும் என்றார் அவர். வைகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

மணி ஆகிவிட்டது, அடுப்பறையிலிருந்து வாசனையும் வருகிறது. ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்.

ஒரு வருடம் ஆமோஸ் எட்டாம் அதிகாரம் முடித்த அன்று, எல்லோரும் போனபிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். வகுப்பில் அதிகம் பேசாதவன். 'சார், நம்ம கோயிலைக் கூட்டி, பெஞ்சு துடைச்சு வைக்கிற அக்காவுக்கு மாசம் எவ்வளவு சார் கொடுக்கிறோம்?' என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக அந்த அக்கா துடைத்த பெஞ்சில் உட்கார்ந்து ஆராதித்தவன் நான். பொருளாளரைக் கேட்டேன். கிறிஸ்துமஸுக்குச் சீரியல் விளக்கு போட நாங்கள் ஒதுக்கிய தொகையில் பாதிகூட வரவில்லை. கமிட்டியில் எழுந்து சொன்னேன். 'பார்க்கலாம்' என்றார்கள். மூன்று கூட்டம் பார்க்கலாம் என்றார்கள். நாலாவது கூட்டத்துக்கு அந்தப் பையனும் இன்னும் ஆறு பிள்ளைகளும் வந்து, பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கூட்டினார்கள். போதுமான அளவு கூட்டவில்லை.

உங்களில் பலர் வருகிற ஞாயிறு ஆமோஸை எடுக்கப்போகிறீர்கள். சனிக்கிழமையே உங்கள் பொருளாளரைப் பார்த்து அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வகுப்புக்குப் போங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.